முகத்துவாரத்தில் இரண்டு நாடுகள்

“சீனாவா இருந்தா இந்த மணலை ஒரே பகல்ல வாரிட்டுப் போயிருப்பான்” என்றான் ராஜவேல்.

“மணலோட சேத்து உன்னையும் வாரிட்டுப் போயிருப்பான்” என்றார் ஜெயசீலன்.

முகத்துவாரத்தை அடைத்துக் கிடந்த மணல்மேட்டின் மேல் இருவரும் நின்றிருந்தார்கள். ஒருவர் கடலைப் பார்த்தபடி, மற்றவர் உப்பங்கழியைப் பார்த்தபடி. ராஜவேல் கலைமதியின் தம்பி, சீனாவிலிருந்து திரும்பியவன். ஜெயசீலன் அவளுடைய கணவர், பிரான்சிலிருந்து திரும்பியவர். அவள் இருவருக்கும் நடுவில் குந்தியிருந்தாள். எழுந்து நின்று இரண்டு பேரையும் ஆளுக்கொரு பக்கமாகத் தண்ணீரில் தள்ளிவிட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

புயல் போய் மாதங்களாகிவிட்டன. போகிற போக்கில் அது கடலும் கழியும் சேருகிற வாயில் மணலைக் குவித்து அடைத்துவிட்டது. மரக்காணத்து உப்பளங்களில் இந்தக் கால்வாய்க்கரையைச் சேர்ந்த பதினோரு குடும்பங்களுக்கு அந்த வாய் திறந்தால்தான் கடல்தண்ணீர். கடல் கழிக்குள் வரும். கழியிலிருந்து கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து முறைப்படி ஒவ்வொருவர் மதகுக்கும். இப்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் சும்மா இரைந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கி, யாரையோ நினைத்துக்கொண்டிருப்பது போல அசையாமல் கிடந்தது.

வாய் வெட்டுவதற்கு ஓர் ஊர்க்கட்டுப்பாடு உண்டு. வீட்டுக்கு ஒரு மண்வெட்டி வரவேண்டும். பதினோரு மண்வெட்டியும் வந்த பிறகுதான் முதல் வெட்டு. அதுவும் கடல் இறங்குகிற நேரத்தில். தேங்கிய மழைத்தண்ணீர் முதலில் வெளியே ஓடிவிட வேண்டும், அடுத்த ஏற்றத்தில்தான் கடல் உள்ளே வரவேண்டும்.

இந்த வருஷம் பத்து மண்வெட்டிதான் வந்தது. வராதது அரசப்பனுடையது. போன வருஷம் அவருடைய தண்ணீர் முறையைக் கால்வாய்த் தலைவர் ஆதிமூலம் தாண்டிப் போய்விட்டார். யாரும் கேட்கவில்லை. “ஆதிமூலம் என் வாசல்ல வந்து தப்புன்னு சொல்லட்டும், அப்பறம் மண்வெட்டியத் தூக்கறேன்” என்று அரசப்பன் வீட்டிலேயே இருந்துகொண்டார். “அதுக்கு நான் கடல்ல எறங்கிடுவேன்” என்றார் ஆதிமூலம். அவர் கடலில் இறங்கவும் இல்லை.

“அரசப்பன் ஒருத்தன்” என்றான் ராஜவேல். “அவன் மூஞ்சியப் பாத்துக்கினு பத்துக் குடும்பம் நிக்குது. சீனாவுல ஒருத்தன் ரோடு போட வீட்டைத் தரமாட்டேன்னான். கவர்மெண்டுக்காரன் என்ன பண்ணான் தெரியுமா? வீட்டை நடுவுல வுட்டுட்டு ரெண்டு பக்கமும் ரோடு போட்டுட்டுப் போயிட்டான். ஜன்னலத் தொறந்தா லாரி.”

“வுட்டது ஒரு வீடு. இடிச்ச வீட்டைப் பத்தி உனக்கு யாருடா சொல்லுவா? பேப்பர்ல வருமா?”

“உங்க பிரான்ஸ்ல பேப்பர்ல வரும் மாமா. குப்பைதான் போகாது. பாரிஸ்ல ஆள் உசரத்துக்குக் குப்பை கெடந்துச்சே, நீங்கதான போட்டோ அனுப்புனீங்க?”

“குப்பை அள்றவன் வேலைய நிறுத்துனான். அவனால நிறுத்த முடிஞ்சுதுல்ல? அதுக்குப் பேருதான் நாடு.”

“நிறுத்தி என்னா கிழிச்சான்? பென்ஷன் வயசை ஏத்தாம வுட்டாங்களா? கடைசி ஓட்டே எடுக்காம சட்டத்தத் தள்ளிவுட்டாங்க. தொண்டை கட்டுனதுதான் மிச்சம்.”

“என் பாத்தி வெடிக்குது” என்றாள் கலைமதி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“இவன் பேச்சைக் கேட்டு யாரு உன்னை முன்னாடியே மிதிக்கச் சொன்னது?” என்றார் ஜெயசீலன்.

அது உண்மைதான். ‘ரெண்டே நாள் அக்கா, வாயைத் தொறந்துடறேன்’ என்று ராஜவேல் சொன்னதை நம்பி அவள் பாத்திகளை மிதிக்க விட்டிருந்தாள். பாத்தி மிதிக்கிற அம்சவள்ளி தன் கூலிப்பெண்களோடு வந்து, வரிசையாக நின்று, குதிகாலோடு குதிகால் ஒட்டி, களிமண்ணும் மணலும் கலந்த தரையை ஒரே தாளத்தில் மிதித்து சிமெண்டுத் தரைபோல இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். மிதித்த பாத்தியில் சீக்கிரம் கனத்த உப்புத்தண்ணீர் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் வெயில் பிளந்துவிடும். பிளந்த பாத்தியில் விளையும் உப்பு மண்ணோடுதான் வரும், யாரும் தொடமாட்டார்கள். இரண்டு பேரும் வெளிநாட்டில் இருந்த வருஷங்களில் அவள் தனியாகவே இந்த உப்பளத்தைப் பார்த்தாள். ஒரு வருஷமும் பாத்தியைக் காயவிட்டதில்லை. இரண்டு பேரும் திரும்பி வந்த வருஷம்தான் காய்ந்தது.

*

சாப்பிடும்போதும் அதே சண்டை. மீன்குழம்பை நடுவில் வைத்துவிட்டு அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ராஜவேல் குவாங்சோவில் ஒரு ஏற்றுமதிக்காரரின் கிடங்கில் இருந்தான். கலைமதிக்கு அந்த ஊர் என்றால் ஒரு ஜன்னல். போனில் அவன் பேசும்போது பின்னால் தெரிகிற ஜன்னல், அதற்குள் மற்ற ஆயிரம் ஜன்னல்கள், எல்லாவற்றிலும் விளக்கு. கொரோனா காலத்தில் அந்தக் கட்டடத்தின் கதவை வெளியிலிருந்து அடைத்தார்கள். அந்த வாரங்களில் ராஜவேல் முகத்தைக் காட்டாமல் ஜன்னலை மட்டும் காட்டிப் பேசினான். அழுதுகொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரியும்.

ஜெயசீலனின் பாரிஸில் ஜன்னலே கிடையாது. லா ஷப்பேல் பக்கத்தில் ஓர் உணவகத்தின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவினார். தங்குவதற்குக் காகிதம் வேண்டி விடியுமுன் வரிசையில் நின்று, பனியில் நின்று, அடுத்த வருஷம் வா என்று சொல்லக் கேட்டு, அடுத்த வருஷமும் நின்றார். அவர் அங்கே இருந்த காலம் முழுவதும் அவளால் ஒருமுறைகூட அங்கே போக முடியவில்லை. ஈரமான கல்தெருவும் மஞ்சள் விளக்கும் உள்ள ஓர் ஊரை அவளாகவே மனசில் கட்டிவைத்திருந்தாள். அதில் அவர் மட்டும் எப்போதும் முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருப்பார்.

“பேச விடறான் பேச விடறான்றீங்களே, உங்களுக்கு ஒரு காயிதம் குடுக்க எத்தினி வருஷம் ஆச்சு அந்தப் பேசற நாட்டுக்கு?” என்று கேட்டான் ராஜவேல்.

ஜெயசீலனின் கை சோற்றில் நின்றது. “உன்னை மாதிரி ரூமுல வச்சு வெல்டிங் அடிக்கல.”

“அது கட்டுப்பாடு. அதான் அம்மாம் பெரிய நாடு எழுந்து நின்னுச்சு. நாப்பது வருஷத்துக்கு முந்தி அங்க நம்மள விட மோசம் மாமா. இன்னிக்குப் பாருங்க, கடலு மேல ரயிலு.”

“ரயில்ல யாரு வாயத் தொறந்தாங்க?”

“வாயத் தொறந்து தொறந்துதான் இங்க முகத்துவாரம் மூடிக்கெடக்குது.”

கலைமதி சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பு இல்லை அது. “ரெண்டு நாடும் உங்க ரெண்டு பேரையும் வேணாம்னுதான அனுப்பிச்சுது? அதுங்களுக்கு இங்க உக்காந்துக்கினு என்னா வக்காலத்து?”

ஜெயசீலன் எழுந்து கை கழுவப் போனார். ராஜவேல் தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டான். “அக்கா, மகத்தன்னிக்கு எல்லாம் சாமி பாக்கக் கடற்கரைக்குப் போயிடுவாங்க. கோட்டக்குப்பத்துல ஷஃபி ஜேசிபி வச்சிருக்கான். நீ ஒரு வார்த்த சொல்லு.”

“என்கிட்ட கேக்காத” என்றாள் கலைமதி.

வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை என்பதை அவனும் கவனித்தான், அவளும் கவனித்தாள்.

*

மாசி மகத்தன்று ஊர்ச் சாமிகள் எல்லாம் வண்டியேறிக் கடலுக்குக் குளிக்க வந்திருந்தன. தெற்கே கடற்கரையில் மேளமும் ஐஸ்வண்டி மணியும் கேட்டன. முகத்துவாரத்தில் ஷஃபியின் மஞ்சள் ஜேசிபி மணலில் மெல்ல இறங்கியது.

“பர்மிஷன் இருக்குதாண்ணே?” என்று கேட்டான் ஷஃபி.

“நான் இருக்கேன்ல?” என்றான் ராஜவேல்.

“சவுதியிலயும் இதான் சொல்லுவாங்க. மீட்டிங்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கஃபீல்னு மொதலாளி, அவன் சொன்னா வெட்டணும், சொல்லலன்னா சாயா குடிக்கணும்.” அவன் சிரித்தபடி கம்பியை இழுத்தான். “பிஸ்மில்லா.”

ராஜவேல் பழைய தடத்தில் வெட்டச் சொல்லவில்லை. பழைய தடம் வளைந்து போகும். அவன் கடலிலிருந்து கழிக்கு ஒரே நேர்க்கோடு போட்டான். மணல் வாரிவாரி விழுந்தது. மாலை வெயில் சாய்வதற்குள் வாய் திறந்துவிட்டது. கடல் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக் கடல். ஏறுகிற கடலைப் பார்த்தபோது அவனுக்கு மகிழ்ச்சிதான் வந்தது. அந்தத் தண்ணீர் முதலில் எதைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும் என்று யோசிக்க அவன் ஒரு நாளும் மண்வெட்டியோடு அங்கே நின்றதில்லை.

கலைமதி சாமி பார்க்கப் போகவில்லை. தன் மதகின் மேல் உட்கார்ந்திருந்தாள். பாத்திகளில் வெடிப்பு கோடுகோடாக ஓடத் தொடங்கியிருந்தது. வெற்றுப் பாத்திகளைப் பார்த்துப் பார்த்து, கண்ணுக்குள் ஏதோ ஓர் ஊரின் வரைபடம் போல அந்தக் கோடுகள் பதிந்துவிட்டன. அப்போது கால்வாயில் சத்தம் கேட்டது. இலை, சருகு, நுரை, பின்னால் தண்ணீர். அவள் எழுந்து நின்றாள்.

சீட்டுக் குலுக்கியதில் அவளுடைய முறை ஆறாவது. மற்ற யாரும் அங்கே இல்லை. கடல்தண்ணீரை முதலில் தேக்கத்தில் விட்டு, வெயிலில் கனக்க வைத்து, அப்புறம்தான் உப்புப் பாத்திக்கு விடவேண்டும். அதெல்லாம் அவளுக்குத் தெரியாததா? ஆனால் பாத்தி வெடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் எதிரில் வந்து நின்றது. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமல் மதகைத் தூக்கி, நேராகப் பாத்திக்கே விட்டுவிட்டாள்.

வந்தது மழைத்தண்ணீர். கழியில் தேங்கியிருந்ததை எல்லாம் கடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. வெடிப்புகள் அதை ஆவலாகக் குடித்தன. பிறகு ஊறின. விடிந்து பார்த்தபோது, அம்சவள்ளியின் பெண்கள் இறுக்கிய தரை எல்லாப் பாத்தியிலும் கஞ்சியாகக் கிடந்தது. கலைமதி உள்ளே காலை வைத்தாள். முழங்கால் வரை போயிற்று.

*

மற்றவர்களுக்கு நல்லதாகவே நடந்தது. காலை இறக்கத்தில் பழைய தண்ணீர் வெளியே ஓடியது. அடுத்த ஏற்றத்தில் சுத்தமான கடல் உள்ளே வந்தது. முறைப்படி முதல் வீடு மதகைத் திறந்தது. டீக்கடையில் ராஜவேலுக்கு ஆதிமூலம் துண்டு போர்த்தினார். ஊர்க்கட்டுப்பாட்டை மீறியதைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

அந்தத் துண்டோடு அவன் வீட்டுக்கு வந்தபோது ஜெயசீலன் வாசலில் காத்திருந்தார்.

“உன் சீனா என் பொண்டாட்டி பாத்தியக் கரைச்சுடுச்சுடா.”

“மதகை யாரு தொறக்கச் சொன்னது? ஒழுங்கா முறைக்கு நின்னிருந்தா அக்காவுக்கும் வந்திருக்கும்.”

“முறையப் பத்தி நீ பேசறியா?”

“மாமா, பத்து வீட்டுக்குத் தண்ணி வருது. ஒண்ணு போச்சு. எந்த நாட்டுல வேணா கேளுங்க, இதுக்குப் பேரு லாபம்.”

உள்ளே காலைக் கழுவிக்கொண்டிருந்த கலைமதி அதைக் கேட்டாள். ‘ஒண்ணு போச்சு.’ சொம்பைக் கீழே வைத்தாள். அந்த ஒன்றுக்குத் தம்பி சின்ன வயசில் வைத்திருந்த பெயர் அக்கா.

“அந்தத் துண்ட எடுத்துக்கினு வெளிய போ” என்றாள்.

“அக்கா, நான் என்னா சொன்னேன்னா...”

“நீ சொன்னது கேட்டுச்சு. போ.”

ஜெயசீலனுக்கு அது போதுமானதாக இருந்தது. தன் முறை வந்துவிட்டதாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாளைக்கே கூட்டம் போடறேன் கலை. வீட்டுக்கு ரெண்டு ஆளு, ஒரு நாள் வந்து உன் பாத்திய மிதிச்சுத் தரணும். எல்லாருக்கும் வந்த நன்மையில உனக்கு வந்த நஷ்டம் இது. நியாயமாக் கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க.”

*

கூட்டம் புங்கமரத்தடியில் நடந்தது. ஜெயசீலன் நின்றுகொண்டே பேசினார். ஒவ்வொருவரும் பேச நேரம் ஒதுக்கினார், குறுக்கே பேசியவரை உட்கார வைத்தார். எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

முதலில் ஆதிமூலம் ஒரு பேச்சை எடுத்தார். வாய் வெட்டுவதற்குச் சம்மதிக்காத அரசப்பனுக்கு இந்த வருஷம் தண்ணீர் முறை கிடையாது. சரி என்கிறவர்கள் கை தூக்கலாம்.

“ஆனா, வெட்டுனது ஜேசிபி, யாருமே மண்வெட்டி போடலியே” என்றார் ஜெயசீலன்.

“கூட்டம் சொல்லட்டும்ன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றார் ஆதிமூலம்.

கைகள் எழுந்தன. கலைமதி கொஞ்சம் தயங்கினாள். இவர்களிடம்தான் அடுத்தது தன் பாத்திக்காகக் கேட்கவேண்டும். அவளும் கையைத் தூக்கினாள். தூக்கும்போது எதிரில் இருந்த வேலிக்கு அப்பால் அரசப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் அவளை மட்டும் பார்த்ததுபோல இருந்தது. பிறகு ஏறிப் போய்விட்டார்.

அடுத்து அவளுடைய பேச்சு வந்தது. “பாவம்தான்” என்றார் ஒருவர். “பாவம்தான், ஆனா முறை தப்பித் தொறந்தது அவங்கதான” என்றார் இன்னொருவர். “இப்ப நம்ம ஆளுங்கள அனுப்புனா நம்ம பாத்திய யாரு மிதிக்கறது?” என்று ஒரு பெண் கேட்டாள். ஜெயசீலன் கை தூக்கச் சொன்னார். இரண்டு கை எழுந்தது. அதில் ஒன்று அவருடையது. உப்பளம் மனைவி பெயரில் இருந்ததால் அவருக்கு ஓட்டு இல்லை என்று ஆதிமூலம் நினைவுபடுத்தினார். அவர் கையை இறக்கிக்கொண்டார்.

திரும்பி நடக்கும்போது ஜெயசீலன் சொன்னார். “நம்ம பக்கம் நியாயம் இருக்குது. ஆனா கூட்டம் முடிவு பண்ணிடுச்சு கலை. தோத்தாலும் ஏத்துக்கணும். அதான் முறை.”

“நீங்க ஏத்துக்குங்க” என்றாள் அவள். “உங்களுக்கு என்னா போச்சு?”

அம்சவள்ளியைத் தேடிப் போனாள். வாய் திறந்துவிட்டதால் எல்லா வீட்டுக்கும் மிதிக்க ஆள் வேண்டியிருந்தது. “பங்குனி பாதியில வரேன்க்கா. அதுக்கு முந்தி என் கால வெட்டிக் குடுத்தாதான் உண்டு” என்றாள் அம்சவள்ளி. பங்குனி பாதி என்றால் பருவத்தில் நல்ல வெயில் பாதி போய்விடும்.

*

அவளுடைய உப்பளத்துக்கும் அரசப்பன் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அடுத்த நாள் காலை அவள் கஞ்சியாகிக் கிடந்த பாத்தியின் ஓரத்தில் நின்றபோது, அந்தப் பக்கம் அரசப்பனும் அவர் மனைவி லட்சுமியம்மாளும் கொழுந்திமார் நாலு பேரும் வரிசையாக நின்று பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் முறையே இல்லாத பாத்தியை. முக்கால்வாசி முடிந்திருந்தது. வெயில் பட்டுத் தரை பளபளத்தது.

கலைமதி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வரப்பில் ஏறினாள்.

“எதுக்குண்ணே மிதிக்கறீங்க? தண்ணிதான் கெடையாதே.”

“திருடலாம்னுதான்” என்றார் அரசப்பன், மிதிப்பதை நிறுத்தாமல். “உன் வரப்பை உடைச்சுத்தான் எடுக்கணும். முன்னாடியே சொல்லிடறேன், அப்பறம் சொல்லலன்னு சொல்லாத.”

“என் தேக்கத்துக்கு இன்னும் தண்ணியே வரல. என் முறை நாளன்னிக்கு.”

“தெரியும். அதான் இன்னிக்கே மிதிச்சு முடிக்கறோம்.”

லட்சுமியம்மாள் சிரித்தாள். “கை தூக்குன மகராசி வந்திருக்கா. கால் வலிக்குதா, கை வலிக்குதான்னு கேளு.”

கலைமதிக்கு முகம் சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். திரும்பினால் பார்க்கக் கஞ்சிதான் இருந்தது.

“எனக்குத் தண்ணி இருக்குது, பாத்தி இல்ல” என்றாள். “உங்களுக்குப் பாத்தி இருக்குது, தண்ணி இல்ல.”

அரசப்பன் நின்றார். வரிசையும் நின்றது.

“கூட்டத்துல கேட்டியா?”

“இல்ல.”

“உன் தம்பிகிட்ட?”

“அவனை வீட்ட வுட்டே அனுப்பிட்டேன்.”

“நல்லா இருக்குது கதை. அவன் மெஷின வுட்டு என்னைத் தாண்டிப் போனான். உன் புருஷன் கைய எண்ணி என்னைத் தாண்டிப் போனாரு. இப்ப நீ மட்டும் வந்து நிக்கற.” அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “மொதல்ல தப்புன்னு சொல்லு.”

“போன வருஷத்துத் தப்புக்கு ஆதிமூலத்தக் கேளுங்க. அது என்னுது இல்ல. நேத்து கை தூக்குனது தப்பு. அது என்னுது.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். காலுல வுழணுமா? பாத்தியில கஞ்சி இருக்குது, வந்து நில்லுங்க, வுழறேன்.”

கொழுந்திமாரில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அரசப்பன் அவளை முறைத்தார். ஆனால் கோபம் முன்போல நிற்கவில்லை.

கால்வாய்க்கரை வழியாக இரண்டு பேர் வருவது தெரிந்தது. ராஜவேல் முன்னால், கொஞ்சம் தள்ளி ஜெயசீலன். வரும்போதே பேச்சு கேட்டது.

“அக்கா, இரு, வரப்பை நானே வெட்டித் தரேன். அரை மணி நேரம் வேலை” என்று கத்தினான் ராஜவேல்.

“கலை, முறைத் தண்ணிய இன்னொருத்தருக்கு மாத்தறதுன்னா கூட்டத்துக்குத் தெரியணும். இல்லன்னா நாளைக்கு உன் முறையே செல்லாதும்பாங்க” என்றார் ஜெயசீலன்.

“சொல்றவன் வந்து மதகைப் புடிக்கட்டும். ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க” என்றாள் அவள். “மிதிச்ச பாத்தி. செருப்பு படக்கூடாது.”

அவர்கள் நின்றார்கள். அங்கே நின்றபடியே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய கை நேராக நீண்டு எதையோ காட்டியது. அவருடைய கை அதை மறுத்து ஆடியது. காற்று கடலிலிருந்து அடித்ததால் வார்த்தை எதுவும் இந்தப் பக்கம் வரவில்லை.

“வெளையற உப்புல பாதிப் பாதி” என்றாள் கலைமதி.

“பாத்தி என்னுது, மிதிச்ச காலு என் வீட்டுது. மூணுல ஒண்ணு உனக்கு.”

“தண்ணி இல்லாம உங்க பாத்தியில கோலம் போடுங்க. பாதி.”

“உப்பு வாருற ஆளு யாருது?”

“நானே வாருவேன்.”

அரசப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள், பிறகு தன் கால்களை, பிறகு கலைமதியை.

“பாதி சரி” என்றார் அரசப்பன். “குவியல் குவியலாப் பிரிச்சுக்கலாம். உனக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. மொத குவியல் யாரு எடுக்கறது?”

“தண்ணி குடுக்கறவ எடுக்கணும்.”

“அப்பிடி எங்க இருக்குது?”

“எங்கயும் இல்ல. இங்க வச்சுக்கலாம்.”

“ரெண்டு பேரும் வாய மூடுங்க” என்றாள் லட்சுமியம்மாள். “மொத குவியல் எனக்கு. மிதிச்சது நான்.”

அரசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காத்திருக்கவில்லை. “ஏம்மா, சும்மா நிக்காத. அந்த ஓரம் இன்னும் மிச்சம் இருக்குது, வந்து வரிசையில நில்லு” என்று கலைமதியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

கலைமதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.